இன்லைன் ஸ்கேட்டின் சக்கர அமைப்பு

இன்லைன் ஸ்கேட்டு என்பது, காலணியின் அடியில் சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் பொருத்தப்பட்ட சறுக்குக் காலணி ஆகும். பெரும்பாலான இன்லைன் ஸ்கேட்டுகளில் நான்கு சக்கரங்கள் இருக்கும். அந்நான்கும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுமாறு அமைந்திருந்தால் அது தட்டை அமைப்பு எனப்படுகிறது. நடுவில் உள்ள இரண்டு சக்கரங்கள் மட்டும் தரையைத் தொட, முதற் சக்கரமும் கடைசிச் சக்கரமும் ஓரிரு மில்லிமீட்டர் உயர்ந்து நின்றால் அது ராக்கர் அமைப்பு எனப்படுகிறது.

ஆடும் நாற்காலியின் அடியில் பொருத்தப்படும் வளைந்த கட்டைக்கு ஆங்கிலத்தில் ராக்கர் என்று பெயர். நான்கு சக்கரங்களின் அடிப்புள்ளிகளை இணைத்து ஒரு கோடு வரைந்தால், ராக்கர் அமைப்பில் அக்கோடு இக்கட்டையைப் போலவே மெல்லிய வளைவாக இருக்கும். பெயர்க்காரணம் இதுவே.

இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பது ஸ்கேட்டு வாங்குவோரிடையே அடிக்கடி எழும் கேள்வி. தட்டை அமைப்பு கற்றுக்கொள்வோருக்கு உரியது, ராக்கர் தேர்ந்தவர்களுக்கு உரியது என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. இது சரியன்று. ஒருவர் எவ்வளவு சிறிய வட்டத்தில் திரும்புகிறார் என்பதையும், அவ்வட்டத்தோடு ஒப்பிடும்போது அவரது ஸ்கேட்டு எவ்வளவு நீளமானது என்பதையும் பொறுத்தே விடை அமைகிறது. அதற்கான எளிய கணக்கு கீழே தரப்பட்டுள்ளது. பள்ளி வடிவியல் தெரிந்தால் போதும்.

வரலாறு

வரிசையாகச் சக்கரம் வைத்த காலணியில் திரும்புவது எப்படி என்ற சிக்கல், அக்காலணியின் வயதேயுடையது. பெல்ஜியத்தில் பிறந்து லண்டனில் வாழ்ந்த கருவி வல்லுநர் ஜான் ஜோசப் மெர்லின் 1760களில் சக்கரக் காலணிகளைச் செய்து அணிந்தார். ஒரு விருந்தில் வயலின் வாசித்தபடியே அவற்றில் உருண்டு வந்தவர், திரும்பவும் நிற்கவும் வழியின்றி விலைமிக்க பெரிய நிலைக்கண்ணாடி ஒன்றில் மோதிக் காயமுற்றார் என்று ஒரு செய்தி வழங்குகிறது.

1819 ஆம் ஆண்டில் பாரிசைச் சேர்ந்த பெத்திப்லே என்பவர் ஒற்றை வரிசைச் சக்கரக் காலணிக்குக் காப்புரிமை பெற்றார். அதுவும் நேராக ஓடியதே அன்றி எளிதில் திரும்பவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1823 இல், லண்டன் பிக்காடிலியில் பழ வணிகம் செய்துவந்த ராபர்ட் ஜான் டையர்ஸ், ரோலிட்டோ என்ற ஐந்து சக்கரக் காலணிக்குக் காப்புரிமை பெற்றார். இதில் நடுச் சக்கரங்கள் பெரியவை, முனைகளில் உள்ளவை சிறியவை. உடல் எடையை முன்னும் பின்னும் மாற்றினால் வெவ்வேறு சக்கரங்கள் தரையைத் தொடும், அதனால் திரும்ப முடியும். இன்று ராக்கர் என்று நாம் அழைப்பது இதையே. இந்தக் கருத்துக்கு 200 ஆண்டு நிறைந்துவிட்டது என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம்.

எனினும் அக்காலத்தில் இக்கருத்து வெல்லவில்லை. 1863 இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் லியோனார்ட் பிளிம்ப்டன், முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாகச் சக்கரங்களை அமைத்து, இடையில் ரப்பர் மெத்தை வைத்த ஸ்கேட்டை உருவாக்கினார். பாதத்தைப் பக்கவாட்டில் சாய்த்தால் அச்சுகள் தாமே திரும்பிக்கொள்ளும். திரும்புதல் இவ்வளவு எளிதானபின் ஒற்றை வரிசை ஸ்கேட்டு நூறாண்டுக்கும் மேலாகப் பின்தங்கிவிட்டது. 1980 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் ஸ்காட் ஓல்சனும் அவருடைய சகோதரரும், பனி இல்லாத மாதங்களிலும் பயிற்சி செய்வதற்காக அதை மீட்டெடுத்தனர். ரோலர்பிளேடு நிறுவனம் இவ்வாறு தோன்றியது. பனிச் சறுக்குக் காலணியின் உணர்வைத் தார்ச்சாலையில் பெறுவதே நோக்கமாக இருந்ததால், பனிக் காலணியின் இரும்பு அலகில் உள்ள வளைவும் கூடவே பேசுபொருள் ஆனது.

உயர வேறுபாடும் வட்ட ஆரமும்

பரவலாகப் புழங்கும் ஓர் அளவையே எடுத்துக்கொள்வோம். 80 மி.மீ. விட்டமுள்ள நான்கு சக்கரங்கள் கொண்ட சட்டகத்தின் நீளம் பெரும்பாலும் 243 மி.மீ. என்று குறிக்கப்பட்டிருக்கும். இது சட்டகத்தின் முழு நீளம் அன்று. முதல் அச்சின் மையத்திலிருந்து கடைசி அச்சின் மையம் வரையுள்ள தொலைவு. 243 ஐ மூன்றால் வகுத்தால் 81. அதாவது அடுத்தடுத்த அச்சுகளுக்கு இடையே 81 மி.மீ. 80 மி.மீ. சக்கரங்கள் ஒன்றையொன்று உரசாமல் இருக்க இடையில் 1 மி.மீ. இடைவெளி மட்டுமே விடப்பட்டுள்ளது. 76 மி.மீ. சக்கரங்களுக்கான 231, 72 மி.மீ. சக்கரங்களுக்கான 219 ஆகிய எண்களும் இவ்வாறே பிறந்தவை. கடைகளில் இவ்வெண்களைப் பார்த்துக் குழம்புவோர் இதை நினைவில் கொள்ளலாம்.

இனி, நடுவில் 80 மி.மீ. சக்கரங்கள் இரண்டும் முனைகளில் 76 மி.மீ. சக்கரங்கள் இரண்டும் பொருத்துவோம். விட்டத்தில் வேறுபாடு 4 மி.மீ. ஆனால் அச்சுகள் ஒரே மட்டத்தில் இருப்பதால், தரையிலிருந்து முனைச் சக்கரம் உயர்ந்து நிற்பது ஆரங்களின் வேறுபாடான 2 மி.மீ. மட்டுமே. விட்ட வேறுபாட்டையும் உயர வேறுபாட்டையும் ஒன்றெனக் கொள்வது மிகப் பரவலான பிழை. ஒருவர் "4 மி.மீ. ராக்கர்" என்று சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெளிவது நல்லது. இக்கட்டுரையில் ராக்கர் அளவு என்பது எங்கும் உயர வேறுபாட்டையே குறிக்கும்.

நான்கு அடிப்புள்ளிகளின் வழியாகச் செல்லும் வட்ட வில்லின் ஆரத்தை எளிதில் கணக்கிடலாம். அடுத்தடுத்த அச்சுகளின் இடைத்தொலைவைத் தன்னாலேயே பெருக்கி, அதனை உயர வேறுபாட்டால் வகுத்தால் ஆரம் கிடைக்கும். 81 ஐ 81 ஆல் பெருக்க 6561. இதை 2 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3280 மி.மீ., அதாவது 3.3 மீட்டர். உயர வேறுபாடு 1 மி.மீ. எனில் ஆரம் 6.6 மீட்டர். 3 மி.மீ. எனில் 2.2 மீட்டர்.

இவ்வெண்களைப் பனிச் சறுக்குக் காலணிகளோடு ஒப்பிட்டால் ஓர் ஒற்றுமை தெரியும். பனி நடனக் கலைஞர்கள் அணியும் காலணியின் அலகு வழக்கமாக 7 முதல் 8 அடி ஆரமுள்ள வில்லாக, அதாவது 2.1 முதல் 2.4 மீட்டர் ஆரத்தில், தீட்டப்படுகிறது. ஐஸ் ஹாக்கி அலகின் ஆரம் பெரும்பாலும் 9 முதல் 11 அடி, ஏறத்தாழ 2.7 முதல் 3.4 மீட்டர். நீள் தடத்தில் விரைவோட்டம் ஓடுவோரின் அலகு ஏறக்குறைய நேர்கோடு. அதன் ஆரம் 20 மீட்டருக்கும் மேற்பட்டது. ஆகவே 2 மி.மீ. ராக்கர் கொண்ட இன்லைன் ஸ்கேட்டு ஹாக்கி அலகுக்கும், 3 மி.மீ. ராக்கர் நடன அலகுக்கும் நெருங்கி வருகிறது. தட்டை அமைப்போ விரைவோட்ட அலகுக்கு உறவு. பனியிலும் சாலையிலும் மனிதர்கள் தனித்தனியே தேடிச் சென்று கிட்டத்தட்ட ஒரே எண்களில் வந்து நின்றிருக்கிறார்கள்.

திரும்பும்போது நிகழ்வது

சக்கரம் தான் உருளும் திசையில் எளிதாக நகரும், பக்கவாட்டில் நகர மறுக்கும். ஒரே வரிசையில் அசையாமல் பூட்டப்பட்ட சக்கரங்கள் ஒரு வட்டத்தில் செல்லும்போது, வரிசையின் நடுப்புள்ளி மட்டுமே வட்டத்தின் தொடுகோட்டில் இருக்கும். முனைச் சக்கரங்கள் உருள விரும்பும் திசை ஒன்று, இழுத்துச் செல்லப்படும் திசை மற்றொன்று. இவ்விரு திசைகளுக்கும் இடைப்பட்ட கோணமே உராய்வுக்குக் காரணம்.

அரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்புவதாகக் கொள்வோம். தட்டை அமைப்பில் முனைச் சக்கரம் நடுப்புள்ளியிலிருந்து 121.5 மி.மீ. தள்ளி உள்ளது. கோணம் ஏறத்தாழ 14 பாகை. ராக்கர் அமைப்பில் தரையைத் தொடும் இரண்டு சக்கரங்களும் நடுப்புள்ளியிலிருந்து 40.5 மி.மீ. தொலைவிலேயே உள்ளன. கோணம் 5 பாகைக்கும் குறைவு. 14 பாகை என்பது சக்கரம் உருளுவதோடு கூடவே தேய்த்து இழுபடுவதற்குப் போதுமான கோணம். கணுக்காலில் உணரப்படும் பிடிவாதம் இதுதான்.

அதே ஸ்கேட்டில் 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் சென்றால் இக்கோணங்கள் முறையே 1.4 பாகையும் 0.5 பாகையும் ஆகின்றன. இரண்டுமே புறக்கணிக்கத்தக்கவை. எனவே பெரிய வளைவுகளில் மட்டும் செல்பவருக்கு ராக்கர் எந்த உதவியும் செய்வதில்லை. அதன் குறைகள் மட்டும் அவர் பங்குக்கு மிஞ்சும்.

நின்ற இடத்திலேயே சுழலும்போது கணக்கு சற்று வேறு. இங்கு ராக்கர் அமைப்பு எதிர்ப்பை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் பாதியாகவே குறைகிறது. தட்டை அமைப்பில் எடை நான்கு சக்கரங்களுக்கும் சமமாகப் பகிரப்பட்டால், உள் சக்கரங்கள் 40.5 மி.மீ. தொலைவிலும் வெளிச் சக்கரங்கள் 121.5 மி.மீ. தொலைவிலும் தேய்கின்றன. இவற்றின் சராசரி 81. ராக்கரில் 40.5. தேர்ந்தவர்கள் தட்டை அமைப்பிலும் குதிகாலையோ முன்பாதத்தையோ தூக்கி ஒரே சக்கரத்தில் சுழன்றுவிடுவார்கள். வடிவியல் செய்யாததைத் திறமை செய்துவிடுகிறது.

நேராக ஓடும்போதும் நிற்கும்போதும்

திரும்புதலில் தொல்லை தந்த அதே நீளம், நேர் ஓட்டத்தில் துணையாகிறது. சாலையின் சிறு மேடோ ஒரு கல்லோ ஸ்கேட்டைத் திசை திருப்ப முயலும்போது, நீண்ட வரிசை அதனை எதிர்த்து நேராக்குகிறது. குறுகிய வரிசையில் அவ்வெதிர்ப்பு குறைவு. வேகம் கூடக் கூட ராக்கர் ஸ்கேட்டு பாதத்தின் கீழ் நடுங்குவதாக உணரப்படுவது இதனால்தான். இறக்கத்தில் இந்நடுக்கம் விபத்தாக முடியலாம்.

எடைப் பகிர்வும் மாறுகிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் காலில் செல்லும்போது, தட்டை அமைப்பில் ஒவ்வொரு சக்கரமும் 15 கிலோ தாங்கும். ராக்கரில் இரண்டு சக்கரங்கள் தலா 30 கிலோ தாங்க வேண்டும். பாலியூரித்தேன் சக்கரம் அதிகம் அமுங்குகிறது, உருளும்போது ஆற்றல் அதிகம் வீணாகிறது, தேய்மானமும் கூடுகிறது. மென்மையான சக்கரமாக இருந்தால், அமுக்கத்தின் காரணமாக 1 மி.மீ. ராக்கர் ஓரளவு மறைந்தே போகும். எடை மிகுந்தவர்கள் ராக்கருக்குச் சற்றுக் கடினமான சக்கரங்களை நாடுவதற்கு இது ஒரு காரணம்.

சமநிலை பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. ராக்கரில் முனைச் சக்கரங்கள் பயனற்று அந்தரத்தில் நிற்கின்றன என்பது அது. அவை காத்திருக்கின்றன என்பதே பொருத்தம். 2 மி.மீ. ராக்கரில் பாதம் 1.4 பாகை முன்னே சாய்ந்தால் முதற் சக்கரம் தரையைத் தொட்டுவிடும். பின்னே சாய்ந்தாலும் அவ்வாறே. பழகியவருக்கு இந்த 1.4 பாகை ஒரு கருவி. முன்பாதத்தில் எடையை வைத்து ஒரு வளைவு, குதிகாலில் வைத்து மற்றொரு வளைவு என்று விளையாட முடியும். புதியவருக்கோ, காலடியில் தரை திடீரென நழுவியது போன்ற உணர்வு. பின்பக்கமாகச் சாயும் அந்தக் கணத்தில் அவர் உடலை மேலும் பின்னே வளைக்கிறார், கைகளை வீசுகிறார், விழுகிறார். பின்பக்கமாக விழுவது தலைக்கும் முழங்கைக்கும் ஆபத்தானது. தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் எந்த அமைப்புக்கும் தேவை. ராக்கரில் முதன்முதலாக ஏறும் நாளில் அவற்றைத் தவிர்க்கவே கூடாது.

ராக்கர் பெறும் வழிகள்

அச்சுகள் யாவும் ஒரே மட்டத்தில் உள்ள சட்டகத்தில் முனைகளுக்குச் சிறிய சக்கரங்களைப் பொருத்துவது முதல் வழி. இதுவே மலிவானது. தட்டை ஸ்கேட்டு ஏற்கெனவே வைத்திருப்பவர், காலுக்கு இரண்டாக நான்கு 76 மி.மீ. சக்கரங்களை மட்டும் வாங்கினால் போதும். பிடிக்கவில்லை என்றால் பழைய சக்கரங்களைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். ராக்கர் தனக்கு ஒத்துவருமா என்று அறியாமலேயே புதிய ஸ்கேட்டு ஒன்றுக்குப் பெருந்தொகை செலவழிப்பதைவிட இது அறிவுடைமை. ஆறுகோணச் சாவியும் கால் மணி நேரமும் இருந்தால் மாற்றம் முடிந்துவிடும். 4 மி.மீ. விட்ட வேறுபாடு அதிகம் என்று தோன்றினால் 78 மி.மீ. சக்கரங்களில் தொடங்கலாம்.

இரண்டாவது வழியில் சட்டகத்திலேயே முனை அச்சுத் துளைகள் சற்று உயரமாக இடப்பட்டிருக்கும். எல்லாச் சக்கரங்களும் ஒரே அளவு. சக்கரம் வாங்குவதும் இடம் மாற்றுவதும் எளிது. ஆனால் இச்சட்டகம் தட்டையாக மாறாது. ஸ்லாலம் ஆட்டத்தையோ நடனத்தையோ உறுதியாகத் தேர்ந்துகொண்டவருக்கே இது ஏற்றது.

மூன்றாவது வழி 1990களின் ஸ்கேட்டுகளில் பரவலாக இருந்தது. அச்சு நுழையும் நீள்வட்டச் செருகியில் துளை மையத்தில் இராது, ஒருபக்கம் ஒதுங்கி இருக்கும். செருகியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் சக்கரம் சிறிது உயரும் அல்லது தாழும். பழைய ஸ்கேட்டு ஒன்று கைக்கு வந்தால், அதில் செருகிகள் எல்லாம் ஒரே பக்கம் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளர் மாற்றி வைத்துவிட்டு மறந்திருக்கலாம்.

இடைப்பட்ட அமைப்புகளும் உண்டு. முதற் சக்கரத்தை மட்டும் உயர்த்தி மற்ற மூன்றையும் தட்டையாக விடுவது முன்ராக்கர் எனப்படும். குதிகால் பக்கம் 162 மி.மீ. நீளத்துக்கு உறுதி இருக்கும், முன்பாதம் மட்டும் சற்று விடுதலை பெறும். ராக்கரை அஞ்சுவோருக்கு நல்ல நடுவழி இது. இதற்கு நேர்மாறாக, நடுச் சக்கரங்கள் இரண்டையும் சிறியனவாகவும் கடினமானவையாகவும் வைத்து, முனைச் சக்கரங்களில் மட்டும் ஓடுவது எதிர்ராக்கர். கைப்பிடிக் கம்பிகள் மீதும் படிக்கட்டு விளிம்புகள் மீதும் வழுக்கிச் செல்வோர் நடுவில் இடைவெளி வேண்டி இதைப் பயன்படுத்துகின்றனர். ஹாக்கி ஸ்கேட்டுகள் சிலவற்றில் முன்னே சிறிய சக்கரங்களும் பின்னே பெரிய சக்கரங்களும் இருக்கும். பார்வைக்கு ராக்கர் போலத் தோன்றினாலும் அச்சுகளின் உயரம் அதற்கேற்ப மாற்றப்பட்டிருப்பதால் நான்கும் தரையைத் தொடும். அது தட்டை அமைப்பே.

எதற்கு எது

விரைவோட்டத்துக்குத் தட்டை அமைப்புத் தவிர வேறு பேச்சில்லை. 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் போட்டியில், 1000 மீட்டர் விரைவோட்டத்தில் தங்கம் வென்ற சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் ஓடும் துறை இதுவே. பெரிய சக்கரங்களும் நீண்ட சட்டகமும் கொண்ட விரைவு ஸ்கேட்டில் ராக்கருக்கு இடமில்லை. தட்டை அமைப்பு கற்றுக்குட்டிகளுக்கு உரியது என்போர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

ஸ்லாலம் ஆட்டம் மறுமுனையில் உள்ளது. வரிசையாக வைக்கப்பட்ட 20 கூம்புகளுக்கு இடையே வளைந்தும் சுழன்றும் செல்ல வேண்டும். கலைநய ஸ்லாலத்தில் கூம்புகளின் இடைவெளி 50, 80, 120 செ.மீ. என மூன்று வரிசைகளில் அமைகிறது. 50 செ.மீ. இடைவெளியில் 24 செ.மீ. நீளச் சக்கர வரிசையோடு நுழைவதைக் கற்பனை செய்தால், இங்கு ராக்கர் ஏன் வழக்கமாயிற்று என்பது விளங்கும். ஆயினும் அதே விளையாட்டின் மற்றொரு பிரிவான விரைவு ஸ்லாலத்தில், 80 செ.மீ. இடைவெளியில் ஒற்றைக் காலில் மிக விரைந்து செல்ல வேண்டியிருப்பதால், உறுதியை விரும்புவோர் ராக்கரைக் குறைத்துக்கொள்வதுண்டு.

நகரச் சாலையில் செல்வோருக்குத் தட்டை அமைப்பே பாதுகாப்பானது. கூட்ட நெரிசலில் அடிக்கடி திரும்ப நேர்ந்தால் முன்ராக்கரை முயலலாம். குறுகிய சட்டகமும் ஒரு மாற்று வழி. 243 இலிருந்து 231 க்கு இறங்கினாலே, ராக்கர் இல்லாமலும், திரும்புதலில் வேறுபாடு தெரியும். புதிதாகக் கற்பவர் தட்டையில் தொடங்கி, ஒற்றைக் காலில் பத்து மீட்டர் நேராகச் செல்லவும் நிற்கவும் பழகியபின் ராக்கரைப் பற்றி எண்ணலாம். ஏற்கெனவே பனி நடனம் பழகியவர்களுக்கு மட்டும் இவ்வரிசை பொருந்தாது. அவர்களுக்குத் தட்டை அமைப்புதான் அந்நியமாகத் தோன்றும்.

தேய்மானமும் பராமரிப்பும்

தட்டை அமைப்பில் முதற் சக்கரத்தை மூன்றாவதோடும், இரண்டாவதை நான்காவதோடும் இடம் மாற்றி, அத்துடன் இடக்கால் சக்கரங்களை வலக்காலுக்கும் வலக்கால் சக்கரங்களை இடக்காலுக்கும் கொண்டுசெல்வது வழக்கம். தேய்ந்த உட்பக்கம் வெளிப்பக்கமாக வருமாறு பொருத்த வேண்டும்.

வெவ்வேறு அளவுச் சக்கரங்கள் கொண்ட ராக்கரில் இம்முறை செல்லாது. எடை தாங்கும் நடுச் சக்கரங்கள் விரைந்து தேயும். 80 மி.மீ. சக்கரம் 78 ஆகத் தேய்ந்தாலே, முனையில் உள்ள 76 மி.மீ. சக்கரங்கள் தேயாத நிலையில், ராக்கர் 2 மி.மீ. இலிருந்து 1 மி.மீ. ஆகிவிடும். வட்ட ஆரம் 3.3 மீட்டரிலிருந்து 6.6 மீட்டராக இரட்டிக்கும். ஸ்கேட்டு முன்போல் திரும்ப மறுப்பதாகத் தோன்றினால் திறமையைக் குறைகூறுமுன் சக்கரத்தை அளக்க வேண்டும். நடுச் சக்கரங்கள் 76 அளவுக்குத் தேய்ந்தபின் அவற்றை முனைகளுக்கு மாற்றிவிட்டு, நடுவுக்கு மட்டும் புதிய 80 மி.மீ. சக்கரங்கள் வாங்கலாம். இவ்வாறு சுழற்சி முறையில் செய்தால் எதுவும் வீணாகாது.

ராக்கர் அளவை வீட்டிலேயே அறியலாம். தடித்த கண்ணாடி அல்லது சமமான கிரானைட் பலகையின்மீது ஸ்கேட்டை நிறுத்தி, நடுச் சக்கரங்கள் இரண்டும் படிந்திருக்குமாறு பிடித்துக்கொண்டு, முதற் சக்கரத்தின் கீழ் அச்சுத் தாள்களை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். சாதாரண 80 கிராம் தாள் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. பத்துத் தாள் நுழைந்தால் 1 மி.மீ. இதே சோதனையைக் கடைசிச் சக்கரத்திலும் மற்றக் காலின் ஸ்கேட்டிலும் செய்ய வேண்டும். இரு கால்களுக்கும் இடையே ஐந்து தாளுக்கு மேல் வேறுபாடு இருந்தால், தேய்ந்தவற்றை இடம் மாற்றிவிட்டு மீண்டும் அளக்கலாம்.